எழுத்துப் பிழையும் உயிர்ப் பிழையும்: மலக்குடற் புற்றுநோயின் ஓர் அரிய வகை

முன்னுரை

தமிழ்த்துறை மலரில் மருத்துவக் கட்டுரைக்கு என்ன வேலை என்று சிலர் வினவக்கூடும். திருக்குறளின் 95ஆம் அதிகாரம் ‘மருந்து’ என்பதே அதற்கு விடையாகும். நோய் இன்னதென்று தெளிதல், அது தோன்றிய காரணத்தை ஆராய்தல், தணிக்கும் வழியைத் தேர்தல், பின்னரே செயலில் இறங்குதல் என்னும் ஒழுங்கை வள்ளுவர் அங்கு வகுத்துக் காட்டுகிறார். இவ்வொழுங்கில் இரண்டாம் படியைத் தாண்டிக் குதித்தால் சிகிச்சை எவ்வாறு திசைமாறும் என்பதற்கு அண்மைக்கால மருத்துவம் தந்துள்ள சிறந்த சான்று ஒன்று உண்டு. மலக்குடற் புற்றுநோயில், நூற்றுக்கு ஐந்து முதல் பத்துப் பேருக்கு மட்டுமே காணப்படும் ஓர் அரிய வகையே அது. அதனை அறியும் முறையையும் தீர்க்கும் முறையையும் தமிழில் விளக்குவது இக்கட்டுரையின் நோக்கமாகும்.

மலக்குடலும் அதன் நோயும்

பெருங்குடலின் இறுதிப் பகுதியாக, மலவாய்க்கு மேலே ஏறத்தாழ 15 சென்டிமீட்டர் நீளத்தில் அமைந்திருப்பது மலக்குடல். அதன் உட்சுவரில் சிறு மொட்டுப் போன்ற தசை வளர்ச்சி தோன்றி, நாளடைவில் புற்றாக மாறுவது பெரும்பான்மை வழக்கு. மலத்துடன் குருதியோ சளியோ கலந்து வருதல், வழக்கமான மலப்போக்கு மாறுதல், கழித்த பின்னும் முழுமையாகக் கழியவில்லை என்னும் உணர்வு நீடித்தல், காரணமின்றி உடல் மெலிதல், குருதிச் சோகை ஆகியன இதன் அறிகுறிகள்.

இவ்வறிகுறிகளுள் முதன்மையானது குருதிப்போக்கு. நம் மக்கள் அதனைக் கண்டவுடன் ‘மூலம்’ என்று பெயரிட்டு விடுகின்றனர். அறுவையின்றி மூலம், பவுத்திரம் குணமாகும் என்று சுவர்தோறும் எழுதப்பட்ட விளம்பரங்களை நம்பி மாதக்கணக்கில் அலைவோர் பலர். உடலின் அப்பகுதியைப் பற்றிப் பேசுவதற்கே நாணி, கணவனிடம் மனைவியும் பெற்றோரிடம் மகனும் மறைத்துவிடும் நிலையும் உண்டு. குருதிப்போக்கு பெரும்பாலும் மூலத்தால் வருவதே என்பது உண்மைதான். ஆயினும் அது மூலந்தானா என்பதைச் சோதித்து அறிதல் வேண்டும். ஊகித்து அறிதல் கூடாது. மருத்துவர் கையுறை அணிந்த விரலால் செய்யும் ஓரிரு நிமிடச் சோதனையிலேயே, கீழ்ப்பகுதியில் அமைந்த கட்டிகள் பல புலப்பட்டு விடுகின்றன. இளம் வயதினர்க்கு இந்நோய் வாராது என்ற எண்ணமும் தவறானது. நாம் இங்கு ஆராயும் அரிய வகை, முப்பது, நாற்பது வயதினரையும் தாக்க வல்லது.

படியெடுப்பும் பிழைதிருத்தமும்

இவ்வகை நோயின் மூலத்தை விளங்கிக்கொள்ள ஏட்டுச்சுவடி பயின்ற தமிழ் மாணவர்க்கு நல்லதோர் உவமை கைவசம் உள்ளது. சுவடியைப் பார்த்துப் படியெடுப்பவர் ஆங்காங்கே பிழை செய்வது இயல்பு. ஓர் எழுத்து விடுபடும். ஓர் எழுத்து மிகும். ஒன்றுக்கு ஒன்று மாறி அமையும். எழுதியதை மூலத்தோடு ஒப்புநோக்கிப் பிழை களைபவர் ஒருவர் உடனிருந்தால் ஏடு பிழைக்கும். அவர் இல்லையெனில், படிக்குப் படி பிழை பெருகிப் பாடமே சிதையும்.

நம் உடலின் உயிரணு ஒவ்வொன்றும் பிளந்து இரண்டாகும்போது, தன்னுள் இருக்கும் டி.என்.ஏ. என்னும் ஏட்டை முழுமையாகப் படியெடுக்கிறது. அவ்வேட்டின் எழுத்துக்கள் ஏறத்தாழ 600 கோடி. அவற்றைப் படியெடுக்கையில் நேரும் பொருந்தாப் பிழைகளைத் தேடிக் களைவதற்கென்றே உயிரணுவுக்குள் ஒரு புரதக் குழு இயங்குகிறது. அதன் உறுப்பினருள் தலையாயவை எம்.எல்.எச்.1, எம்.எஸ்.எச்.2, எம்.எஸ்.எச்.6, பி.எம்.எஸ்.2 என்னும் நான்கு புரதங்கள். இவற்றின் பணியால் படியெடுப்புப் பிழைகள் நூறு முதல் ஆயிரம் மடங்கு வரை குறைகின்றன. இவ்வகைப் பிழைதிருத்தம் நிகழும் முறையைக் கண்டறிந்த பால் மோட்ரிச், டி.என்.ஏ. சீரமைப்பின் பிற முறைகளை ஆராய்ந்த தோமாஸ் லிண்டால், துருக்கியில் பிறந்த அஸீஸ் சன்ஜார் ஆகிய இருவருடன் 2015ஆம் ஆண்டு வேதியியலுக்கான நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார்.

இந்நான்கனுள் ஒன்று செயலிழந்தாலும் பிழைதிருத்தம் தடைப்படும். ஒரே எழுத்தோ ஒரே சிறு சொல்லோ அடுத்தடுத்துப் பலமுறை வரும் இடங்களில் இக்குறை முதலில் வெளிப்படும். ‘ககககக’ என்று பத்து முறை வருவதைப் படியெடுப்பவர் எண்ணிக்கை தவறி ஒன்பதாகவோ பதினொன்றாகவோ எழுதிவிடுவதைப் போன்றது இது. டி.என்.ஏ.வில் இத்தகைய தொடர்களுக்கு மைக்ரோசாட்டிலைட் என்று பெயர். அவற்றின் நீளம் மாறிக்கொண்டே இருப்பதனை மைக்ரோசாட்டிலைட் நிலையாமை என்பர். பிழைகள் ஆயிரக்கணக்கில் சேரச் சேர, வளர்ச்சியைக் கட்டுப்படுத்தும் மரபணுக்களும் சிதைகின்றன, புற்று உருவாகிறது.

ஒரு தையற்பெண்ணின் சொல்

மலக்குடலில் இவ்வகைப் புற்று தோன்றுமாயின், அது பெரும்பாலும் பிறவியிலேயே வந்த மரபணுக் குறையின் விளைவாக இருக்கும். இவ்வுண்மை வெளிப்பட்ட வரலாறு சுவையானது, துயரமும் நிறைந்தது.

1895ஆம் ஆண்டு, அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்து ஆன் ஆர்பர் நகரில், ஆல்ட்ரெட் வார்த்தின் என்னும் நோயியல் பேராசிரியரிடம் அவருடைய தையற்பெண் தன் கவலையைக் கூறினார். தம் குடும்பத்தில் பலர் குடலிலும் இரைப்பையிலும் கருப்பையிலும் புற்று வந்து இறந்தனர் என்றும், தாமும் அவ்வாறே இளமையில் இறப்பது உறுதி என்றும் அவர் சொன்னார். வார்த்தின் அதனைப் புலம்பல் என்று தள்ளாது, அக்குடும்பத்தின் வழிமுறையைத் தேடித் தொகுத்து 1913ஆம் ஆண்டு வெளியிட்டார். அப்பெண் அஞ்சியவாறே கருப்பைப் புற்றால் இளமையில் மறைந்தார்.

பின்னர் ஹென்றி லிஞ்ச் என்னும் மருத்துவர் இத்தகைய குடும்பங்களை ஆராய்ந்து, 1966ஆம் ஆண்டு நெப்ராஸ்கா, மிச்சிகன் மாநிலங்களைச் சார்ந்த இரு குடும்பங்களின் வரலாற்றை வெளியிட்டார். புற்றுநோய் மரபுவழி வரக்கூடும் என்பதை அக்காலத்தில் பலர் ஏற்கவில்லை. அவர் தளராது குடும்ப மரங்களை வரைந்துகொண்டே இருந்தார். 1993ஆம் ஆண்டு எம்.எஸ்.எச்.2 மரபணுவும், அடுத்த ஆண்டு எம்.எல்.எச்.1 மரபணுவும் கண்டறியப்பட்டபோது அவர் கூற்று நிலைபெற்றது. இம்மரபுக்குறை இன்று லிஞ்ச் நோய்த்தொகுதி என அவர் பெயராலேயே வழங்குகிறது. ஒரு பெண்ணின் சொல்லைச் செவிமடுத்ததில் தொடங்கிய ஆய்வு, நூறாண்டுக்குள் மரபணுவின் எழுத்தளவுக்குச் சென்று சேர்ந்தது.

நோயறியும் முறை

மலக்குடற் புற்று என ஐயுறும் நோயாளிக்கு விரற்சோதனைக்குப் பின் கொலனோஸ்கோப்பி என்னும் குடல் உள்நோக்குச் சோதனை செய்யப்படுகிறது. கட்டியிலிருந்து சிறு துணுக்கு எடுக்கப்பட்டு, நுண்ணோக்கியில் ஆராயப்படுகிறது. கட்டி எவ்வளவு ஆழம் ஊடுருவியது, அருகிலுள்ள நிணநீர்க் கணுக்களைத் தொட்டதா என்பவற்றை எம்.ஆர்.ஐ. படமும், நுரையீரல், கல்லீரல் ஆகியவற்றுக்குப் பரவியதா என்பதைச் சி.டி. படமும் காட்டும்.

பலவிடங்களில் ஆய்வு இத்துடன் முடிந்துவிடுகிறது. ஆனால் இங்கேதான் இரண்டாம் படி தொடங்குகிறது. எடுத்த அதே துணுக்கில், மேற்சொன்ன நான்கு புரதங்களும் உள்ளனவா என வண்ணமேற்றிப் பார்த்தல் வேண்டும். நான்கும் வண்ணம் பெற்றால் பிழைதிருத்தக் குழு முழுமையாக உள்ளதாகக் கொள்ளலாம். ஒன்றோ இரண்டோ வண்ணம் பெறாவிடில் கட்டி அரிய வகையைச் சார்ந்தது என்று அறியலாம். மைக்ரோசாட்டிலைட் நிலையாமையைப் பி.சி.ஆர். முறையால் நேரே அளந்தறிவதும் உண்டு. குறை கண்டவிடத்து, அது பிறவிக் குறையா என்பதைக் குருதியிலிருந்து எடுக்கும் மரபணுச் சோதனை தெளிவாக்கும். எம்.எல்.எச்.1 புரதம் பிறவிக் குறையின்றி முதுமையில் அடங்கிப்போவதும் உண்டு. அது பெருங்குடலின் வலப்பக்கக் கட்டிகளில் மிகுதி, மலக்குடலில் அரிது.

நோயாளியின் குடும்ப வரலாற்றைக் கேட்டறிதலும் சோதனைகளுள் ஒன்றே. 1991ஆம் ஆண்டு வெளியான ஆம்ஸ்டர்டாம் விதி மாணவர்கள் எளிதில் நினைவிற் கொள்ளத் தக்கது. உறவினர் மூவர்க்குக் குடற்புற்று, அவர்களுள் ஒருவர் மற்ற இருவர்க்கும் நேர் இரத்த உறவு, அடுத்தடுத்த தலைமுறை இரண்டில் நோய், ஒருவர்க்கேனும் ஐம்பது வயதுக்கு முன் நோய் என்பது அதன் சாரம். இன்று குடும்பங்கள் சிறுத்துவிட்டமையால் இவ்விதியை மட்டும் நம்பினால் பலர் விடுபடுவர். ஆதலால், பெருங்குடல், மலக்குடற் புற்று கண்ட அனைவரின் கட்டியிலும் நான்கு புரதச் சோதனையைச் செய்தல் வேண்டும் என்பதே இன்றைய மருத்துவ வழிகாட்டு நெறி.

பழைய சிகிச்சையும் அதன் விலையும்

இச்சோதனையின் பயனை உணர, பழைய சிகிச்சை நோயாளியிடமிருந்து எதனைப் பறித்தது என்பதை அறிதல் வேண்டும். 1908ஆம் ஆண்டு இலண்டன் அறுவை மருத்துவர் எர்னஸ்ட் மைல்ஸ், வயிற்று வழியாகவும் மலவாய் வழியாகவும் மலக்குடலை முழுமையாக நீக்கும் அறுவையை விவரித்தார். உயிர் காத்த அம்முறை, வயிற்றில் திறப்பு அமைத்து அதில் பை பொருத்தி வாழும் நிலையையும் தந்தது. 1982ஆம் ஆண்டு இங்கிலாந்தின் பில் ஹீல்ட், மலக்குடலைச் சூழ்ந்த கொழுப்புறையைச் சிதையாமல் சேர்த்தெடுக்கும் நுட்பத்தை வெளியிட்டபின் நோய் மீண்டும் தோன்றுவது பெரிதும் குறைந்தது. அறுவைக்கு முன்னரே கதிர்வீச்சும் வேதிமருந்தும் தருவது பின்னர் வழக்கமாயிற்று.

இவை பலரைக் காத்தன என்பதில் ஐயமில்லை. எனினும் கதிர்வீச்சு இளம்பெண்ணின் கருப்பையையும் சூலகத்தையும் செயலிழக்கச் செய்யும். அறுவையால் சிறுநீர்க் கட்டுப்பாடும் மலக் கட்டுப்பாடும் இல்லற வாழ்வும் பாதிக்கப்படலாம். முப்பது வயதில் நோயுற்றவர் பிழைத்த பின்னும் நாற்பது ஆண்டுகள் இச்சுமையுடன் வாழ வேண்டும். மேலும், பிழைதிருத்தக் குறையுள்ள மலக்குடற் கட்டிகள் முன்சிகிச்சையாகத் தரப்படும் வழக்கமான வேதிமருந்துக்குச் சரிவரப் பணிவதில்லை என்பதும் தெரியவந்தது.

இதற்கிடையே, பிரேசில் நாட்டின் சாவ் பாவ்லோ நகரத்து அறுவை மருத்துவர் ஆஞ்சலிட்டா ஹப்ர்-காமா அம்மையார் துணிவானதொரு வினாவை எழுப்பினார். கதிர்வீச்சும் வேதிமருந்தும் தந்தபின் கட்டி அடியோடு மறைந்துவிட்டவர்க்கு அறுவை எதற்கு என்பதே அவ்வினா. அத்தகையோரை அறுவையின்றிக் கூர்ந்து கண்காணித்த முடிவுகளை அவர் 2004ஆம் ஆண்டு வெளியிட்டார். முதலில் ஐயுற்ற மருத்துவ உலகம் பின்னர் இக்காத்திருப்பு முறையை ஏற்றது. அடுத்து வந்த சிகிச்சைக்கு இதுவே அடித்தளம் இட்டது எனலாம்.

எதிர்ப்பாற்றலைத் தூண்டும் மருந்து

உடலின் எதிர்ப்பாற்றல் அணுக்கள் காவலரைப் போல அயலாரைத் தேடித் திரிபவை. தன்னவரையே தாக்கிவிடாதிருக்க அவற்றில் சில தடுப்பான்கள் உள்ளன. பி.டி.-1 என்பது அத்தகையதொரு தடுப்பான். புற்றணுக்கள் இத்தடுப்பானை இயக்கிக் காவலரை உறங்கவைத்து விடுகின்றன. பி.டி.-1 புரதத்தை ஜப்பானின் தசுகு ஹோஞ்சோவும் அவர் குழுவினரும் 1992ஆம் ஆண்டு கண்டறிந்தனர். மற்றொரு தடுப்பானை ஆராய்ந்த அமெரிக்காவின் ஜேம்ஸ் ஆலிசனுடன் அவர் 2018ஆம் ஆண்டு மருத்துவ நோபல் பரிசைப் பெற்றார்.

தடுப்பானை நீக்கும் மருந்து எல்லாக் குடற்புற்றுக்கும் பயன்படுவதில்லை. ஆனால் பிழைதிருத்தக் குறையுள்ள கட்டியின் நிலை வேறு. பிழை மலிந்த ஏட்டைக் கற்றவர் ஒரு பார்வையிலேயே இனங்காண்பர் அன்றோ? அதுபோல, ஆயிரக்கணக்கான எழுத்துப் பிழைகளால் உருவான வேற்றுப் புரதங்களைத் தாங்கிய புற்றணுவைக் காவலர் எளிதில் இனங்கண்டு கொள்கின்றனர். அவர்களின் கட்டை அவிழ்த்துவிட்டால் போதும். எப்பிழைகள் புற்றை வளர்த்தனவோ அப்பிழைகளே அதனைக் காட்டிக் கொடுக்கின்றன!

இக்கருத்துக்கு முதற் சான்று 2015ஆம் ஆண்டு கிடைத்தது. 2017ஆம் ஆண்டு, எவ்வுறுப்பில் தோன்றியது என்று பாராமல், இக்குறையுள்ள பரவிய புற்றுகளுக்குப் பெம்ப்ரோலிசுமாப் என்னும் மருந்தைத் தர அமெரிக்க அரசு ஒப்புதல் அளித்தது. 307 நோயாளிகளிடம் நிகழ்ந்து 2020ஆம் ஆண்டு வெளியான ஆய்வொன்றில், இம்மருந்து பெற்றோரிடம் பரவிய குடற்புற்று மேலும் வளராதிருந்த இடைக்காலம் 16.5 மாதம், வேதிமருந்து பெற்றோரிடம் அது 8.2 மாதமே.

பரவாத மலக்குடற் புற்றுக்கு இதனை முதற் சிகிச்சையாகத் தந்தால் என்ன என்று நியூயார்க்கின் மெமோரியல் ஸ்லோன் கெட்டரிங் புற்றுநோய் மையத்தைச் சார்ந்த ஆண்ட்ரியா செர்செக், லூயிஸ் டயஸ் ஆகியோர் எண்ணினர். இரண்டாம், மூன்றாம் நிலை நோயாளிகளுக்கு டோஸ்டார்லிமாப் என்னும் பி.டி.-1 தடுப்பு மருந்தை மூன்று வாரத்துக்கு ஒருமுறை 500 மில்லிகிராம் வீதம் ஆறு மாதம் செலுத்தினர். 2022ஆம் ஆண்டு ஜூன் திங்களில் முடிவு வெளியாயிற்று. சிகிச்சை முடித்த முதல் 12 பேரிடமும் கட்டி முற்றிலும் மறைந்திருந்தது. கதிர்வீச்சோ வேதிமருந்தோ அறுவையோ எவர்க்கும் தேவைப்படவில்லை. 2025ஆம் ஆண்டு வெளியான தொடர் ஆய்வில் இவ்வெண்ணிக்கை 49 ஆக உயர்ந்தது. அந்த 49 பேரும் அறுவையைத் தவிர்த்தனர். மலக்குடல் அல்லாத பிற உறுப்புகளில் இதே குறையுடன் கட்டி கொண்ட 54 பேருள் 35 பேரிடமும் கட்டி மறைந்தது. சீனாவின் குவாங்சௌ நகரில் சின்டிலிமாப் என்னும் மற்றொரு மருந்தைக் கொண்டு நிகழ்ந்த ஆய்வும் இதே திசையைக் காட்டியது.

வரம்புகள்

நற்செய்தியைக் கேட்டவுடன் எல்லைகளை மறந்துவிடுதல் ஆகாது. மலக்குடற் புற்றுற்றவருள் நூற்றுக்குத் தொண்ணூறுக்கு மேற்பட்டோர்க்குப் பிழைதிருத்தக் குறை இல்லை; அவர்கட்கு இம்மருந்து மாற்றாகாது. அவர்கள் இதற்காகக் காத்திருந்து, பயன்தரும் அறுவையையும் கதிர்வீச்சையும் ஒத்திப்போடுவது உயிருக்கே கேடாகும். குறை உள்ளவரும் கட்டி மறைந்தபின் உள்நோக்குச் சோதனை, எம்.ஆர்.ஐ. படம் ஆகியவற்றுடன் ஆண்டுக்கணக்கில் கண்காணிப்பில் இருத்தல் வேண்டும். கட்டவிழ்ந்த காவலர் சிலவேளை தைராய்டு, தோல், நுரையீரல், குடல் ஆகியவற்றையும் தாக்குவதுண்டு. மருந்தின் விலையோ எளிய குடும்பம் தாங்கக்கூடியதன்று. ஆயினும் மருந்து எட்டாவிடினும், சோதனையின் பயன் நோயாளியின் உறவினர்க்கும் சேர்கிறது என்பதை மறத்தலாகாது.

குடும்பத்தார் கடமை

லிஞ்ச் மரபுக்குறை உள்ளவரின் பிள்ளை ஒவ்வொருவர்க்கும், ஆணாயினும் பெண்ணாயினும், அது வந்துசேரும் வாய்ப்பு இரண்டில் ஒன்று. குறை வந்தோர் அனைவர்க்கும் நோய் வருவதில்லை. எந்த மரபணு பழுதுற்றது என்பதற்கேற்ப, வாழ்நாளில் குடற்புற்று வரும் வாய்ப்பு பத்தில் ஒருவர் முதல் இருவரில் ஒருவர் வரை வேறுபடும். பெண்டிர்க்குக் கருப்பை, சூலகப் புற்றுக்கும் வாய்ப்பு மிகுதி. முன்னரே அறிந்தவர் தப்பிக்கும் வழிகள் உள்ளன. எம்.எல்.எச்.1, எம்.எஸ்.எச்.2 குறையுள்ளோர் இருபது முதல் இருபத்தைந்து வயதில் தொடங்கி, ஒன்று அல்லது இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை குடல் உள்நோக்குச் சோதனை செய்துகொண்டால், மொட்டுகளைப் புற்றாகும் முன்பே களைந்துவிடலாம். பின்லாந்தில் 15 ஆண்டு நிகழ்ந்து 2000ஆம் ஆண்டு வெளியான ஆய்வு, மூன்றாண்டுக்கு ஒருமுறை செய்த சோதனையே நோயை நூற்றுக்கு 62 பங்கு குறைத்ததைக் காட்டியது.

எளிய ஆஸ்பிரின் மாத்திரைக்கும் இங்கு இடமுண்டு. ஜான் பர்ன் தலைமையில் நிகழ்ந்து 2020ஆம் ஆண்டு நீண்டகால முடிவு வெளியான ஆய்வில், நாள்தோறும் 600 மில்லிகிராம் ஆஸ்பிரின் பெற்ற 427 பேருள் 40 பேர்க்கும், வெற்று மாத்திரை பெற்ற 434 பேருள் 58 பேர்க்கும் குடற்புற்று வந்தது. ஆனால் ஆஸ்பிரின் இரைப்பையில் குருதிக் கசிவை உண்டாக்கக் கூடியது. மருத்துவர் சொல்லாமல் எவரும் உண்ணலாகாது.

உறவுக்குள் மணம் செய்யும் வழக்கமுள்ள நம் குடும்பங்கள் அறிய வேண்டிய செய்தி மற்றொன்றும் உண்டு. கணவன், மனைவி இருவரும் ஒரே மரபணுவில் இக்குறையைச் சுமந்திருப்பின், பிறக்கும் பிள்ளை இருபுறமும் குறையைப் பெறும் வாய்ப்பு நான்கில் ஒன்று. அவ்வாறு பெற்ற குழந்தைக்கு மூளை, குருதி, குடல் ஆகியவற்றில் சிறுவயதிலேயே புற்று தோன்றக்கூடும். எனவே, குடற்புற்றோ கருப்பைப் புற்றோ பலரைக் கொண்ட குடும்பத்தில் மண உறவு பேசும் பெரியோர், மரபணு ஆலோசகரை முன்னதாகக் கலந்துகொள்வது அறிவுடைமையாகும். இதில் குடும்பப் பெருமைக்கு இழுக்கு ஏதுமில்லை. மறைப்பதால் வரும் இழப்பே பெரிது.

முடிவுரை

நோயாளி, மருத்துவர், மருந்து, உடனிருந்து பேணுவோர் ஆகிய நான்கும் சேர்ந்ததே மருத்துவம் என்பது வள்ளுவர் தெளிவு. மருந்தைக் கண்டறிவது அறிஞர் கடமை. உரிய நேரத்தில் நாணத்தை விடுத்து மருத்துவரிடம் செல்வது நோயாளியின் கடமை. குடும்ப வரலாற்றை மறையாது எடுத்துரைப்பது பேணுவோர் கடமை.

மாணவச் செல்வங்களே! விடுமுறையில் வீடு செல்லும்போது பாட்டன், பாட்டி, அத்தை, மாமன் ஆகியோர் எந்நோயால், எவ்வயதில் மறைந்தனர் என்று மூத்தோரிடம் கேட்டு ஒரு தாளில் குடும்ப மரமாக வரைந்து வையுங்கள். உறவினர் எவர்க்கேனும் குடற்புற்று எனக் கேள்வியுற்றால், ‘கட்டித் துணுக்கில் நான்கு புரதச் சோதனை செய்தாயிற்றா?’ என்று சிகிச்சை தொடங்குமுன் மருத்துவரிடம் பணிவுடன் கேளுங்கள். அவ்வொரு வினா, ஓர் இளம்பெண்ணுக்கு அவள் தாய்மையையும் ஓர் இளைஞனுக்கு அவன் இயல்பு வாழ்வையும் மீட்டுத் தரக்கூடும். அவர்தம் உடன்பிறந்தாரை நோய் அணுகாமலும் காக்கக்கூடும்.